அப்பா லென்ஸ் கழற்றிய குளியலறை

நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த மாவையும் பழைய கயிற்றையும் நினைவூட்டும் அந்த வாசனை, சுவரில் படிந்து வழியும் நீராவியின் சுண்ணாம்பு மணத்தோடு கலந்து எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் அடியிலிருந்து கசிந்து வந்தால், உள்ளே அப்பா ஒரு கேமரா லென்ஸைக் கழற்றப் போகிறார் என்று பொருள். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர் உள்ளிருந்து தட்டுகிற வரைக்கும் யாரும் கதவைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாமலே இருந்தேன். பதினெட்டு நாட்களுக்கு முன்பு, ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறையில், என் மகள் சிந்து கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு, கேஸ் கீசரை ஓடவிட்டுக்கொண்டு, ஒரு பழைய லென்ஸின் உள்தூசியைத் துடைக்க உட்கார்ந்திருந்தாள். உயிரோடு வெளியே எடுத்துவிட்டேன். நன்றாக இருக்கிறாள் என்று மருத்துவர் சொல்கிறார். என் அப்பாவும் முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தார். அதனால் நான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற சாலையில், கல் அறுக்கும் பட்டறைகள் வரிசையாக இருந்த இடத்தில் இருந்தது. முன்னால் படம் எடுக்கும் அறை, நடுவில் இருட்டறை, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகள். எங்கள் ஊர்க் கருங்கல் கப்பலேறிப் போகிறது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கல் போனது, அதன் தூள் எங்களிடம் தங்கிவிட்டது. அதை எல்லோரும் "மாவு" என்றுதான் சொல்வோம். கொடியில் காயும் துணியிலும், பள்ளிக்கூடப் பையின் மடிப்பிலும், தூங்கி எழுந்தால் கண்ணோரத்திலும் மாவு இருக்கும். வாசலில் ஒரு லாரி போனால், அது பர்கூர் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் மாவு எங்கள் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கையால் திருகும் பழைய லென்ஸ்கள் முன்னும் பின்னும் நீளும்போது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும். இழுக்கிற காற்றோடு மாவும் போய்க் கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வெளியில் படிந்தால் ஊதிவிடலாம், உள்ளே போனதை என்ன செய்வது? பெங்களூருக்கு அனுப்பினால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் முகூர்த்த மாதம் முடிந்துவிடும் என்று அப்பா தானே கழற்றக் கற்றுக்கொண்டார். யாரிடம் கற்றார் என்று எனக்குத் தெரியாது. ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் கவராயத்தின் இரண்டு முனைகளையும் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி, லென்ஸின் உள்வளையத்தில் இருக்கும் சின்னப் பள்ளங்களில் பொருத்தித் திருகுவார். பெயர் பொறித்த முன்வளையத்தைக் கழற்றச் சைக்கிள் ட்யூப் துண்டு. தூசியை ஊத, மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் குமிழ். கழற்றிய பாகங்களை ஒரு வெள்ளை வேட்டித் துண்டின் மேல் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குவார். அந்த வரிசை கலைந்தால் லென்ஸ் திரும்பச் சேராது.

மற்ற ஊரில் இருப்பது வெறும் தூசி, எங்கள் ஊரில் இருப்பது கல். துணியால் ஒரு தடவை துடைத்தால் கண்ணாடியில் கோடு விழுந்துவிடும், பிறகு அந்தக் கோட்டை எதுவும் செய்ய முடியாது. எனவே காற்றில் ஒரு துகள்கூட மிதக்காத இடம் அவருக்குத் தேவைப்பட்டது. அப்படி ஓர் இடம் அந்தச் சாலையில் எங்குமே இல்லாததால் அவரே உண்டாக்கினார். குளியலறைச் சுவர்களிலும் தரையிலும் தண்ணீர் அடிப்பார். வெளியில் விறகடுப்பில் கொதிக்கும் அண்டாவை உள்ளே கொண்டுபோய் வைத்து அறை முழுக்க ஆவி பரவவிடுவார். ஆவி இறங்கும்போது மாவையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு வரும். கதவிடுக்கில் ஈரச்சாக்கு, மேலே இருந்த சின்னச் சாளரத்துக்குப் பழைய எக்ஸ்ரே படங்களை ஒட்டி ஒரு மூடி. அதன் பிறகு உள்ளே பேச்சு கிடையாது. வெளியில் நானும் உரக்கப் பேசக் கூடாது. "தூசிக்குக் காது கேக்கும், மெதுவாப் பேசு பாப்பா" என்பார். நான் அதை வெகுநாள் நம்பினேன்.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மற்ற ஸ்டுடியோக்காரர்களும் அவரிடம் லென்ஸ் கொண்டு வந்தார்கள். அவர்களில் அதிகம் வந்தவர் காவேரிப்பட்டினத்து மாணிக்கம் மாமா. உறவு ஒன்றும் இல்லை, அப்பாவோடு தொழிலில் பழகியவர். குண்டான உடம்பு, வெற்றிலை போட்ட வாய், வரும்போதெல்லாம் என்னைச் சீண்டாமல் போக மாட்டார். கதவுக்கு முன்னால் என்னைப் பார்த்தால், "என்னாம்மா இன்ஸ்பெக்டரு, ஓசூரு செக்போஸ்ட்டுல கூட இவ்ளோ கெடுபிடி இல்லியே. எங்கிட்ட பெர்மிட் இருக்குதும்மா, உள்ள வுடு" என்பார். அப்பாவிடமும் சொல்வார்: "ஏம்ப்பா, உள்ள நாலு தூசி கெடந்தா படத்துக்கு என்ன ஆவப்போவுது? ஒண்ணும் தெரியாது. இதுக்குப் போயி இவ்ளோ பாடா?"

அப்பா சிரிக்க மாட்டார். "படத்துக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் ஆவுது" என்பார்.

ஒருமுறை நான் கதவைத் திறந்துவிட்டேன். மார்கழியில் ஒரு நாள் அது. உள்ளே ஏதோ இருமல் சத்தம் கேட்டது, என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தள்ளினேன். அப்போதெல்லாம் அவர் உள்ளே கொண்டி போடுவதில்லை. குளிர்காற்றோடு மாவு உள்ளே பாய்ந்தது, துடைத்து முடித்த கண்ணாடியின் மேல் அது இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கவராயத்தைக் கீழே வைத்துவிட்டு, "போ" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதிலிருந்து அவர் உள்ளே கொண்டி போட ஆரம்பித்தார். நான் இன்னும் ஒழுங்காக உட்கார ஆரம்பித்தேன்.

அந்தத் தை மாதம் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. குளியலறையின் நாட்டு ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டிருந்தோம். ஓட்டு இடுக்கு வழியாக மாவு விழுகிறது என்று அப்பாதான் பிடிவாதமாகப் போடச் சொன்னார். இன்னொன்று, பனியில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. அப்பா ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, இஸ்திரிப்பெட்டிக்கு அம்மா வைத்திருந்த அடுப்புக்கரியை அள்ளிக் கும்முட்டி அடுப்பில் போட்டு, அடுப்பையே தூக்கிக் குளியலறைக்குள் வைத்தார். அதன் மேல் தண்ணீர்க் குண்டான். அம்மா கர்நாடக எல்லையோரத் தளிக்காரி, கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவள். குளிருக்குக் கணப்பு மூட்டி வளர்ந்தவளுக்கு அது சரியாகப் படவில்லை.

"கரிய உள்ள வெக்காதீங்க. கதவ வேற சாத்திக்குவீங்க" என்றாள்.

"வெறகுன்னா பொகை. இது கரி. எங்க பொகை வருது, நீயே பாரு" என்றார் அப்பா.

உண்மையிலேயே புகை வரவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். சிவப்பாக, சுத்தமாக, சத்தமே இல்லாமல் கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் கொதித்து ஆவி பரவிய பிறகும் அடுப்பு உள்ளேயே இருக்கட்டும், கண்ணாடியில் ஈரம் நிற்காமல் காயும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, பள்ளிக்கூடத்தில் ஏதோ விடுமுறை. நான் மடியில் கையெழுத்து நோட்டை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

சிறிது நேரம் குமிழை அழுத்தும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நான் ஒரு பக்கத்தின் மேல்வரியில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே கீழே எழுத ஆரம்பித்தேன். முதல் வரியை முடித்திருப்பேன், உள்ளே சத்தம் கேட்டது. அரிசி மூட்டையைத் தரையில் இறக்குவது போன்ற ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சின்னதாக, உலோகமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் வட்டமாக உருண்டு, சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து, விழுந்து ஓய்ந்தது.

வளையம் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வரிசை கலைந்திருக்கும், இன்றைக்குக் கோபமாக வருவார். ஆனால் இந்த முறை தவறு என்னுடையது இல்லை. எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சிகூட வந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர் கூப்பிடவில்லை, தட்டவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது.

கனமான, நீளமான, இழுத்து இழுத்து விடும் குறட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் விடிய விடிய நின்று படம் எடுத்துவிட்டு வந்திருந்தார். உள்ளே கதகதப்பாக இருக்கிறது, தூங்கிவிட்டார். நான் இரண்டாவது வரியை எழுதினேன்.

நாலைந்து வரி எழுதியிருப்பேன், மாணிக்கம் மாமா வந்தார். அவருடைய லென்ஸ்தான் அன்று உள்ளே இருந்தது. "என்னாம்மா இன்ஸ்பெக்டரு, ஐயா இன்னும் முடிக்கலியா?" என்றார்.

"அப்பா தூங்குது மாமா" என்றேன் மெதுவாக.

அவர் கதவருகில் காதை வைத்துக் கேட்டார். குறட்டையைக் கேட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி மனுசா. எந்த லென்ஸ உருட்டிப்போட்டுத் தூங்குறாரோ. எழுப்பட்டுமா?"

"அப்பா தட்டற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சல்யூட் வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். நான் பக்கத்தை முடித்தேன். கீழே தேதி போட்டேன். பக்கம் முடியும்போது குறட்டை இல்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

அம்மா வந்து மண்ணெண்ணெய் கேனைக் கீழே வைத்தாள். "இன்னுமா?" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். பதற்றம் வந்தால் அம்மாவுக்குத் தமிழ் போய்விடும். "ரீ, பாகிலு தெகீரி, பாகிலு தெகீரி" என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினாள். எதிர்க்கடையிலிருந்து மாணிக்கம் மாமா ஓடி வந்து உதைத்ததில் கொண்டி பெயர்ந்தது.

அப்பா சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். முகம் செக்கச்செவேலென்று, நல்ல ஆரோக்கியமான மனிதரின் முகம்போல இருந்தது. வெள்ளைத் துணியில் பாகங்கள் பாதி அடுக்கியபடியே இருந்தன. மாமா அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையில் ஒரு கல் லாரியை நிறுத்தினார். லாரி கிளம்புவதற்கு முன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உள்ள சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா? எதனா கேட்டுச்சாடி?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"இல்ல" என்றேன்.

மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். தலைவலி மட்டும் இருக்கிறது என்றார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்கப் போனார், படங்களும் நன்றாக வந்தன. அம்மா தளிக்குப் போய்க் கோவிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு காலையில் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா சரிசெய்தாள். மறுநாளும் அப்படியே. அந்த வாரத்துக்குள் அடியெடுத்து வைப்பது சுருங்கியது, கால் தரையோடு இழுபட்டது. கேட்ட கேள்விக்கு வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது, பிறகு வருவதே நின்றது. மாணிக்கம் மாமாவைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவர் அம்மாவிடம் கேட்டார்: "மயங்கி விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு வெளியே எடுத்தீங்க?"

"தெரியலீங்க. வெளியில இவதான் ஒக்காந்திருந்தா" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

"ஒண்ணும் கேக்கல சார்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

ஆறு ஆண்டுகள் அப்பா அப்படியே இருந்தார். ஊரில் பக்கவாதம் என்றார்கள், காற்று அடித்துவிட்டது என்றார்கள், கண்பட்டது என்றார்கள். அம்மா பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவை நடத்தப் பார்த்தாள். ஒருநாள் முதல் பிறந்தநாள் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருந்தபோது, அப்பா தானாக எழுந்து போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்று கண்ணை வைத்தார். பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். வந்தவர்களும் குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, காத்திருந்தார்கள். காத்திருந்துகொண்டே இருந்தார்கள். குழந்தை அழ ஆரம்பித்தது. அவருடைய வேட்டியிலிருந்து தரையில் ஈரம் பரவுவதை அந்தக் குழந்தையின் தாய்தான் முதலில் பார்த்தாள். அம்மா மெல்ல அவர் கையை எடுத்துவிட்டு, அவரே எடுப்பதுபோல் அவர் விரலுக்கு மேல் தன் விரலை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

மாணிக்கம் மாமா அதன் பிறகு ஒரே ஒரு தடவை வந்தார். ஒரு கூடை மாம்பழத்தைக் கதவோரம் வைத்துவிட்டு, என்னை "பாப்பா" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை.

அப்பா போன பிறகு அம்மா ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்தும் வேலையில் சேர்ந்தாள். நான் படித்து முடித்து இன்னொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போனேன். சேர்ந்த புதிதில் ஒரு பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். மூடிய இடத்தில் கரியோ கேஸோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு நிறமில்லை, வாசனையில்லை என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டு வந்தவர், "ஆளு விழுந்ததும் கொறட்டை மாதிரி சத்தம் வரும். வெளியில இருக்கறவன் தூங்குறான்னு நெனச்சு வுட்டுடுவான்" என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய், ஒரு பக்கம் கையெழுத்து எழுதப் பத்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அரைமணிக்குக் குறையாது.

அப்போதும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா உயிரோடு இருந்தாள், என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள், தினமும் என் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். சொல்லவில்லை.

பிறகு நான் ஒரு பெண்ணுக்குத் தாயானேன். பயந்த தாய். வீடு மாறும்போதெல்லாம் முதலில் குளியலறை ஜன்னலைத்தான் பார்ப்பேன். கீசருக்குப் பக்கத்தில், ஓடும்போது ஜன்னலை மூடாதே என்று எழுதி ஒட்டுவேன். அடுப்பு, பிளக், மாடிப்படி, பஸ் படிக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு எச்சரிக்கை இருந்ததால், ஜன்னலும் அவற்றில் ஒன்றாகிவிட்டது. "அம்மாவோட சட்டப் புத்தகத்துல இது எத்தனாவது பிரிவு?" என்று சிந்து கேலி செய்வாள். தாத்தா எப்படிச் செத்தார் என்று அவள் கேட்டபோது பக்கவாதம் என்று சொன்னேன்.

அவளுக்குப் படம் எடுக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் ஊக்கப்படுத்தியதில்லை. கல்லூரியில் யாரோ சொல்லி, பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய லென்ஸை வாங்கி வந்தாள். உள்ளே தூசி. எப்படித் திறப்பது என்று போனில் பார்த்திருக்கிறாள். வெந்நீரைத் திறந்துவிட்டுக் குளியலறையில் ஆவி நிரப்பினால் தூசி அடங்கிவிடும் என்று அந்தக் காணொளியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பா தானே கண்டுபிடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஆவி வித்தையை உலகமே செய்துகொண்டிருக்கிறது.

அன்று முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் வேலையில் இருந்தார். கீசர் இரைந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவின் அடியில் துண்டின் ஈரமான ஓரம் வெளியே தெரிந்தது. என் கையிலிருந்த பை எப்போது விழுந்தது என்று தெரியாது.

"சிந்து."

"அஞ்சு நிமிசம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "தொறக்காத. தூசி வந்துடும்."

நான் நின்றேன். இதைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாம் தெரிந்த நான், வகுப்பில் கேட்ட நான், கதவில் கை வைத்தபடி, திறக்காதே என்று சொன்னதற்காக நின்றேன். பத்து நொடி இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பிறகுதான் தோளால் மோதினேன். பிளாஸ்டிக் கதவு என்பதால் மடங்கி உள்ளே போனது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழ முடியவில்லை. ஜன்னலைப் பாலித்தீன் தாளும் டேப்பும் வைத்து, ஓர் இடுக்குகூட விடாமல் ஒட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர், "எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாங்க?" என்று கேட்டார்.

"நாப்பது நிமிசத்துக்கு மேல இருக்கும். இரண்டே முக்காலுக்குப் போன்ல படம் எடுத்து நண்பருக்கு அனுப்பியிருக்கா. மூணரைக்கு நான் வந்தேன். வந்தப்புறம் நான் கதவுக்கு வெளிய நின்ன நேரத்தையும் சேத்துக்குங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நின்னீங்களா?"

"நின்னேன்."

இந்த வாயு சில சமயம் வாரங்கள் கழித்தும் மூளையைத் தாக்கும், நாற்பது நாள் வரைக்கும் கவனமாகப் பாருங்கள் என்றார். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்குமுன் நானே வரிசையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் தலைவலி என்று சொன்னது ஒருநாள்தான். லென்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, "உள்ள கொஞ்சம் தூசி இருந்தா போட்டோல தெரியாதும்மா. எல்லாரும் அதான் சொல்றாங்க. எனக்குத்தான் பாத்துட்டு சும்மா இருக்க முடியல" என்றாள். ஒன்பதாம் நாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீ என் மூஞ்சியவே பாக்கறதில்ல. கையத்தான் பாக்கற. ஏன்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை இறக்கிய சத்தத்தையும், உருண்டு ஓய்ந்த வளையத்தையும், குறட்டையையும், எனக்கு வந்த சிரிப்பையும், அம்மாவிடம் சொன்ன "இல்ல"வையும். முடித்ததும் சிந்து, "பாட்டிக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். நான் எதிர்பார்த்த எந்த ஆறுதலையும் அவள் சொல்லவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த ஜன்னல ஒட்டியிருக்க மாட்டேன்மா" என்றாள். கோபம் இல்லாமல், இருப்பதை இருக்கிறபடி சொல்கிற குரலில்.

அது உண்மை.

இப்போது பர்கூர் சாலையில் ஸ்டுடியோ இருந்த இடத்துக்கு மேலே பாலம் போகிறது. கல் பட்டறைகளில் பாதி இல்லை. லாரிகள் கீழே நிற்காமல் மேலேயே கர்நாடகா எல்லைக்கும் ஆந்திரா எல்லைக்கும் போய்விடுகின்றன. படச்சுருளைக் கழுவித் தர கிருஷ்ணகிரியில் ஓர் ஆள்கூட இல்லை. அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மாணிக்கம் மாமா அவளுக்கும் முன்னால் போய்விட்டார். அந்தக் காலையில் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். மன்னிக்கவோ ஏசவோ உரிமையுள்ள ஒருவர்கூட இல்லாத காலத்தில்தான் எனக்கு வாய் திறந்திருக்கிறது.

சொன்னதற்கு மறுநாளிலிருந்து சிந்து காலையில் எழுந்ததும் தானாகவே என் முன்னால் வந்து நிற்கிறாள். அன்றைய தேதியும் கிழமையும் சொல்கிறாள். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் டைல்ஸ் கோட்டின் மேல் கால் பிசகாமல் நடந்து காட்டிவிட்டு, அன்றைய செய்தியில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கிறாள். நான் கேட்டுச் செய்வதில்லை. அவளுக்கும் பயமாக இருக்கிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இன்று காலையும் நடந்தாள். பாதிக் கூடத்தில் ஒரு நொடி நின்றாள். அவள் குனிந்து, காலில் ஒட்டிய அரிசி ஒன்றைத் தட்டிவிட்டு மீதி தூரத்தையும் நடந்தாள்.

"பதினெட்டு. பாஸாம்மா?" என்றாள்.

தலையசைத்தேன். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.